பாய்லர் ஷாப்பில் ரிட்டயர் ஆன அப்பாவைப் பற்றி அட்டையில் என்ன போடலாம்?

பொன்மலைமகள்:

அப்பா போன வாரம் தவறிவிட்டார். வயது 84. திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் 1960-ல் கலாசியாக, அதாவது உதவித் தொழிலாளியாகச் சேர்ந்து 2000-ல் பாய்லர் மேக்கராக ஓய்வு பெற்றவர். பதினாறாம் நாளுக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்க ஒரு சின்ன அட்டை அடிக்கலாம் என்று தம்பி சொன்னான். அச்சகத்தில் மாதிரி கேட்டால் நாலைந்து எடுத்துப் போட்டார்கள், எல்லாவற்றிலும் ஒரே வாசகம், படத்தையும் பெயரையும் மாற்றினால் யார் வீட்டுக்கும் பொருந்தும். குடும்பத்துக்காகவே உருகிய மெழுகுவர்த்தி, தியாகச் சுடர், அந்த மாதிரி. தம்பிக்கு அது போதும். எனக்கு மனசு ஒப்பவில்லை.

எனக்குத் தெரிந்ததை இங்கே கொட்டுகிறேன். பொன்மலைக்காரர்கள் யாராவது இருந்தால் உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள், அட்டைக்கு எது சரி வரும் என்று பார்க்கலாம்.

முதல் விஷயம் காது. பாய்லர் ஷாப்பில் ரிவெட் அடிக்கிற சத்தத்தில் வருஷக்கணக்காக நின்றவர்களுக்குக் காது என்ன கதி ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாற்பத்தைந்து வயதிலேயே அப்பாவுக்கு முக்கால்வாசி போய்விட்டது. நாங்கள் பேசினால் அவருக்குக் கேட்காது, அவர் பேசினால் தெருவுக்கே கேட்கும். ரகசியம் என்று எங்கள் வீட்டில் ஒன்றுமே கிடையாது. என் கணக்கு மார்க், அக்காவுக்கு வந்த வரன், சொசைட்டிக் கடன் பாக்கி, எல்லாம் குவார்ட்டர்ஸ் லைன் முழுக்கத் தெரியும், சில சமயம் எங்களுக்குத் தெரிவதற்கு முன்பே.

கல்யாணமாகி நான் ஓசூர் போன பிறகு போனில் பேச வழியில்லை. இன்லேண்ட் எழுதுவார். பாதிக் கடிதம் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை விலைதான். கத்தரிக்காய் இன்ன விலை, முருங்கைக்காயைக் கேட்கவே வேண்டாம், அம்மாவுக்கு முட்டி வலி, வருவதானால் செவ்வாய்க்கிழமை வராதே, தண்ணீர் வராது. கீழே கையெழுத்து. அன்பு, ஆசீர்வாதம் என்று ஒரு வரி இருக்காது. வாட்ஸப் வந்ததும் மனுஷனுக்குப் புது உயிர் வந்த மாதிரி ஆகிவிட்டது, காதே வேண்டாமே! ஒரே விரலால் முழ நீளத்துக்குத் தட்டி அனுப்புவார். அதிலும் முதல் வரி காய்கறி விலை.

இன்னொன்று, எங்கள் வீட்டுக்கு எப்போது வந்தாலும் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே அடுப்படிக்குப் போய் குக்கர் மூடியைத் திருப்பிப் பார்ப்பார். கேஸ்கெட்டை இழுத்துப் பார்ப்பார், சேஃப்டி வால்வை நகத்தால் சுரண்டிப் பார்ப்பார். பையில் எப்போதும் புது வால்வு ஒன்று இருக்கும். என் மாமியார் இதை முதல் தடவை பார்த்தபோது நம்ம வீட்டுச் சாமான் மேலேயே சந்தேகமா என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

ஆக்ட்அப்ரண்டிஸ்82:

அம்மா, பெயர் போடாவிட்டாலும் யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. 1982-ல் நான் அப்ரண்டிஸாக பாய்லர் ஷாப்புக்குள் போனபோது எனக்குச் சுத்தியல் பிடிக்கக் கற்றுக் கொடுத்தவர் உங்கள் அப்பா. ஆழ்ந்த இரங்கல்.

குக்கர் விஷயத்தைப் படித்துச் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். அதற்குக் காரணம் இருக்கிறது. நீராவி எஞ்சினில் நெருப்பு எரிகிற பெட்டி, பயர்பாக்ஸ் என்போம், அதன் மேல் தகட்டில் லெட் பிளக் என்று ஒன்று இருக்கும், நடுவில் ஈயம். தகட்டுக்கு மேலே தண்ணீர் குறைந்து சூடு ஏறினால் முதலில் அந்த ஈயம் உருகும், நீராவி கீழே நெருப்பு மேல் பாயும், டிரைவருக்கும் பயர்மேனுக்கும் ஆபத்து என்று தெரிந்துவிடும். அது வேலை செய்யாவிட்டால் பாய்லரே போய்விடும், கூட ஆளும் போவான். உங்கள் குக்கர் மூடியில் இருக்கிற சேஃப்டி வால்வும் அதே வேலைதான், சூடு மிஞ்சினால் உள்ளே இருக்கிற உலோகம் உருகி வழிவிட வேண்டும். அதில் பருப்பு நுரை காய்ந்து அடைத்துக்கொண்டிருந்தால் அவருக்கு எப்படித் தூக்கம் வரும்?

அவரைப் பற்றி நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. பயர்பாக்ஸுக்கு உள்தகடு ஒன்று, வெளித்தகடு ஒன்று, நடுவில் தண்ணீர். இரண்டையும் பிடித்து வைக்க நூற்றுக்கணக்கில் ஸ்டே போல்ட் இருக்கும். அதில் எது முறிந்திருக்கிறது என்று பார்க்க உள்ளே புகுந்து ஒவ்வொன்றாகச் சுத்தியலால் தட்ட வேண்டும். நல்லது கணீரென்று சொல்லும், முறிந்தது செத்த சத்தம் கொடுக்கும். இது காதால் செய்கிற வேலை. காது போன மனுஷன் எப்படிச் செய்வார் என்று எங்களுக்கெல்லாம் வேடிக்கையாக இருந்தது. அவர் இடது உள்ளங்கையைத் தகட்டில் ஒட்டி வைத்துக்கொண்டு வலது கையால் தட்டுவார். தட்டிக்கொண்டே வந்தவர் ஒரு இடத்தில் நிறுத்தி சாக்பீஸால் ஒரு வட்டம் போடுவார். எங்களில் ஒருத்தன் அதே இடத்தைத் தட்டி, "இல்லண்ணே, சத்தம் நல்லாத்தானே இருக்கு" என்பான். கழற்றினால் அவர் சொன்னதுதான் சரியாக இருக்கும்.

உள்ளே போக அந்த அடுப்பு வாயில் இருக்கிறதே, தோளைச் சாய்த்துத்தான் நுழைய முடியும். மே மாதத்தில் அதற்குள் அரை மணி இருந்து பாருங்கள், அப்புறம் தெரியும்.

ஊட்டி ரயில் எஞ்சின்கள் பொன்மலைக்கு ஓவர்ஹாலுக்கு வருமே, அதில் ஒன்று வந்துவிட்டால் உங்கள் அப்பாவுக்குத் தனி உற்சாகம். சுவிட்சர்லாந்தில் செய்த எஞ்சின், பல்சக்கரம் வைத்து மலை ஏறுகிறது, அதன் பாய்லரை நாம் சரி பண்ணி அனுப்புகிறோம் என்று எங்களிடம் சொல்வார், சொல்வார் என்றால் கத்துவார்.

பொன்மலைமகள்:

ஐயா, கும்பிடுகிறேன். உள்ளங்கை விஷயம் எங்கள் வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. அம்மாவிடம் படித்துக் காட்டினேன், "அதான் உள்ளங்கையெல்லாம் அப்படிக் காய்ச்சுப் போயிருந்துச்சா" என்றார்.

ஊட்டி என்றதும் ஞாபகம் வருகிறது. சின்ன வயசில் ரயில்வேயில் கொடுக்கிற இலவச ஃபேமிலி பாஸில் ஊட்டி கூட்டிப் போனார். மேட்டுப்பாளையத்தில் எங்களைப் பெட்டியில் உட்கார வைத்துவிட்டு எஞ்சின் பக்கம் போனவர் வண்டி கிளம்புகிற நேரம் வரை வரவில்லை. அம்மா பயந்துபோய்விட்டார். அந்த எஞ்சின் கடைக்கோடியில் நின்று பின்னாலிருந்து தள்ளுகிற எஞ்சின், எங்கள் பெட்டியோ முன்னால். கடைசியில் ஓடி வந்து ஏறினார், வேட்டியெல்லாம் கரி. பொட்டானிக்கல் கார்டனில் பெஞ்சில் படுத்துத் தூங்கிவிட்டார்.

கல்கண்டார்கோட்டை:

இரங்கல். ஆனால் ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். இந்த மாதிரி இழைகளில் எப்போதும் அப்பாவின் வேலை, அப்பாவின் உழைப்பு என்றே போகிறது. குடும்பத்துக்காக வாழ்ந்தார் என்றால் சம்பளம் கொண்டுவந்து கொடுத்தார் என்றுதானே அர்த்தம் ஆகிறது? என் மாமனாரும் அதே பணிமனைதான். காலையில் சங்கு ஊதுவதற்குள் நாலு டப்பா கட்டி, வெந்நீர் வைத்து, பிள்ளைகளைக் கிளப்பி, சாயங்காலம் கரியும் எண்ணெயும் ஊறின காக்கிச் சட்டையைச் சோடாக்காரம் போட்டுத் துவைத்த மாமியாருக்கு ஒரு அட்டையும் யாரும் அடிக்கவில்லை. உங்கள் அம்மாவைப் பற்றி அந்த அட்டையில் ஒரு வரி வருமா?

பொன்மலைமகள்:

தப்பாக நினைக்கவில்லை. சரியான கேள்வி.

அப்பா சம்பளக் கவரிலிருந்து ஒரு பைசா எடுக்க மாட்டார். அந்தக் காலத்தில் ரொக்கம்தானே, கவுண்டரில் வாங்கி எண்ணிப் பார்த்து, திரும்பக் கவரில் போட்டு அப்படியே அம்மா கையில் கொடுப்பார். பீடிக்கும் டீக்கும் அம்மா கொடுப்பதுதான். சீட்டு கட்டினது, வட்டி பார்த்தது, நகையை வைத்தது, மீட்டது, எல்லாம் அம்மா. 74 ரயில்வே ஸ்ட்ரைக்கில் அந்த மே மாதம் சம்பளம் இல்லாமல் போனபோது அம்மா வடகம் பிழிந்து, ஜாக்கெட் தைத்துச் சமாளித்தார். ஸ்ட்ரைக்குக்குப் போனது அப்பா, வீட்டை நடத்தினது அம்மா. அப்பாவே இதைச் சொல்லுவார், தெருவுக்கே கேட்கிற மாதிரி.

அத்தை விதவையாகி வந்தபோது பாஸில் அவர் பெயரையும் சார்ந்தவர் என்று சேர்த்து எழுதிக் கொடுத்தார் அப்பா. அந்த அத்தைக்கு இருபது வருஷத்துக்கு மேல் சோறு போட்டது அம்மாதான். ஆகவே நீங்கள் சொல்வது உண்மை.

ஆர்மரிகேட்:

ஸ்ட்ரைக் பேச்சு வந்ததால் நானும் எழுதுகிறேன். வெளியில் சொல்லாத விஷயம், இப்போது சொல்லலாம்.

1974 மே 8 முதல் 27 வரை நடந்த அந்த வேலை நிறுத்தத்தில் என் அப்பா வேலைக்குப் போனவர். லாயல் ஒர்க்கர் என்பார்கள், வேறு சொல்லும் சொல்வார்கள், அதை எழுத வேண்டாம். ஸ்ட்ரைக் செய்தவர்களில் நாடு முழுக்க ஆயிரக்கணக்கானோருக்கு வேலை போனது, 1977-ல் ஜனதா அரசு வந்த பிறகுதான் திரும்ப எடுத்தார்கள். வேலைக்குப் போனவர்களின் பிள்ளைகளுக்கு ரயில்வேயில் இடம் கொடுத்தார்கள், என் அண்ணனுக்கும் கிடைத்தது, மறைக்க ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு எங்கள் லைனில் ஒருத்தரும் எங்களோடு பேசவில்லை. குழாயடியில் என் அம்மா குடத்தை வைத்தால் பக்கத்துக் குடத்தை நகர்த்தி வைப்பார்கள்.

இரண்டு வருஷம் கழித்து என் அக்கா கல்யாணத்துக்கு அப்பா சொசைட்டிக் கடன் போட்டார். ஜாமீன் கையெழுத்துக்கு ஆள் வேண்டும். ஷாப்பில் ஒருத்தரும் போடவில்லை. கையெழுத்துப் போட்டது, ஸ்ட்ரைக்கில் முன்னால் நின்ற உங்கள் அப்பா. எங்கள் வீட்டுக்கு வந்து வாசலில் நின்றபடியே, "பொண்ணு கல்யாணத்துக்கும் ஸ்ட்ரைக்குக்கும் என்னய்யா சம்பந்தம், பாரத்தைக் கொண்டா" என்று கேட்டார். அவர் குரல் உங்களுக்குத் தெரியுமே, லைன் முழுக்கக் கேட்டது. என் அப்பா கடைசி வரை அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சங்கத்திடல்:

நான் சங்கக்காரன், வயது 78. நினைவு அஞ்சலி இழையில் வாதம் பண்ணக்கூடாது என்று இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன், முடியவில்லை.

அவர் அந்தக் கையெழுத்துப் போட்டது அன்றைக்கு எங்களுக்குப் பிடிக்கவில்லை, எனக்கு இன்றைக்கும் பிடிக்கவில்லை. என்னோடு இருந்தவர்கள் வேலை போய், குவார்ட்டர்ஸைக் காலி பண்ணி, பிள்ளைகளை ஊருக்கு அனுப்பிவிட்டு நின்ற நேரம் அது. அவர்கள் வீட்டிலும் பொண்ணுகள் இருந்தன. 1946 செப்டம்பர் 5-ல் இதே பொன்மலையில் ஐந்து தொழிலாளிகள் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள், அந்த ஊரில் இருந்துகொண்டு ஒற்றுமையை உடைத்தவருக்கு ஜாமீன் போடுவதா என்று நானே அவரிடம் சண்டை பிடித்தேன். அவர் காதில் விழுந்ததா, விழாத மாதிரி இருந்தாரா, தெரியாது. அந்த வசதி அவருக்கு உண்டு.

இதையும் சொல்ல வேண்டும். வேலை போனவர்களுக்கு மாதாமாதம் வசூல் நடத்தினோம், மூன்று வருஷம். அவர் ஒரு மாதம் கூடத் தவறினதில்லை. வருஷா வருஷம் செப்டம்பர் 5-க்குத் திடலுக்கு வந்துவிடுவார், முழங்கால் போன பிறகு பேரன் வண்டியில். ஒரு வார்த்தையும் கேட்காது, முன் வரிசையில் உட்கார்ந்து கூட்டம் முடியும் வரை இருப்பார்.

ஆர்மரிகேட்:

ஐயா, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. நான் அப்பாவுக்காக வாதாட வரவில்லை.

சங்கத்திடல்:

தெரியும் தம்பி. உன் மேல் ஒன்றும் இல்லை. பதினாறாம் நாளைக்கு வா, பேசலாம்.

பென்ஷன்தாத்தா:

நடுவில் ஒரு காரிய விஷயம். அம்மா பெயருக்குக் குடும்ப ஓய்வூதியம் மாற்ற வேண்டுமே, ஆரம்பித்துவிட்டீர்களா? இறப்புச் சான்றிதழ் வாங்கின கையோடு பி.பி.ஓ. (பென்ஷன் உத்தரவு) நகல், அம்மா ஆதார், பான், போட்டோ எல்லாம் எடுத்துக்கொண்டு பென்ஷன் வருகிற வங்கிக்குப் போங்கள். கூட்டுக் கணக்காக இருந்து, பி.பி.ஓ.-வில் அம்மா பெயரும் இருந்தால் புதுக் கணக்கு தொடங்கச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், அது தேவையில்லை. அப்பா இறந்த நாளுக்குப் பிறகு அவர் பென்ஷன் கணக்கில் விழுந்திருந்தால் அதை எடுத்துவிட வேண்டாம், பிறகு பிடிப்பார்கள். அவர் வயதுக்கு அம்மாவுக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதக் கணக்குத்தான் வரும், அதற்கு மேல் அகவிலைப்படி. அம்மாவுக்கு 80 நிறைந்ததும் 20 சதவீதம் கூடும், பி.பி.ஓ.-வில் பிறந்த தேதி சரியாக இருக்கிறதா என்று இப்போதே பார்த்து வையுங்கள். பல வீட்டில் அங்கேதான் சிக்கல். நவம்பரில் ஆயுள் சான்று, மறக்காதீர்கள்.

பொன்மலைமகள்:

ரொம்ப நன்றி ஐயா. அப்பா எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். 1998-ல் 58-ல் ரிட்டயர் ஆக வேண்டியவர். சாமான் கட்டி, பிரிவு உபசாரத்துக்குச் சட்டை எல்லாம் தைத்தாகிவிட்டது, அந்த மே மாதம் வயதை 60 ஆக்கிவிட்டார்கள். நோட்டில், "இன்னும் 2 வருடம். சட்டை பீரோவில்" என்று இருக்கிறது. 2015-ல் கம்யூட்டேஷன் (பென்ஷனில் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாக வாங்கினதற்கான பிடித்தம்) கழிந்து முழு பென்ஷன் வந்த மாதம், "அம்மாவுக்கு மிக்ஸி". 2020-ல் 80 ஆனதும் அந்த 20 சதவீதம் எவ்வளவு வர வேண்டும் என்று பைசா வரை கணக்குப் போட்டிருக்கிறார். நீங்கள் சொன்ன அதே 80 கணக்கை அம்மாவுக்கும் தனிப் பக்கத்தில் போட்டு, அடியில் கோடு இழுத்து வைத்திருக்கிறார். அம்மாவின் பிறந்த தேதியைத் திருத்தி வாங்கின கடித நகலும் ஒட்டியிருக்கிறது.

அக்கா இதை எல்லாம் படித்துவிட்டுத் தானும் எழுத வேண்டும் என்கிறாள். என் கணக்கிலிருந்தே போடுகிறேன்.

பொன்மலைமகள் (அக்கா எழுதுவது):

எல்லாரும் நல்லதாக எழுதுகிறீர்கள், சந்தோஷம். நான் பிளஸ் டூவில் ஸ்கூலில் இரண்டாவது. டவுன் காலேஜில் சேர அப்ளிகேஷன் வாங்கி வைத்திருந்தேன். அத்தை மகள் கல்யாணக் கடன் தலைக்கு மேல் இருந்தது, அப்பா இரண்டு வருஷம் பொறு என்றார், இரண்டாவது வருஷம் கல்யாணம் பண்ணிவிட்டார். தங்கைக்கு டிகிரி, தம்பிக்கு டிப்ளமா. அந்தக் காசு எங்கே மிச்சமானது என்று எனக்குத் தெரியும். ஊரில் இருக்கிற எல்லாருக்கும் ஜாமீன் போட்ட மனுஷன் எனக்கு ஒரு வருஷ ஃபீஸ் கட்டவில்லை.

கடைசி மூன்று வருஷம் அவரைப் பார்த்துக்கொண்டது நான்தான். படுக்கையில் ஒரு தரம் வாட்ஸப்பில் எனக்கு எழுதினார். பக்கத்து அறையில் இருக்கிற எனக்கு! "உன்னைப் படிக்க வைத்திருக்க வேண்டும்" என்று. நான் பதில் போடவில்லை. மறுநாள் கஞ்சி கொடுக்கும்போது உப்பு போதுமா என்று கையால் ஜாடை காட்டிக் கேட்டேன், போதும் என்றார். கோபம் போய்விட்டது என்று அட்டையில் யாரும் எழுத வேண்டாம். அவரைப் பிடிக்காது என்றும் யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

கல்கண்டார்கோட்டை:

அக்கா, நீங்கள் எழுதினதுதான் இந்த இழையிலேயே எனக்குப் பெரிதாகப் படுகிறது. வேறு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை.

ஆக்ட்அப்ரண்டிஸ்82:

அட்டையில் தியாகச் சுடர் வேண்டாம் என்பது என் கட்சியும். அவர் வேலையைப் போடுங்கள். 2011 வாக்கில் பொன்மலையிலேயே ஊட்டி லைனுக்குப் புதிதாக நீராவி எஞ்சின் செய்தோமே, அப்போது அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. கேட்டுக்கு வெளியே நின்று, உள்ளேயிருந்து வருகிற எங்களை நிறுத்தி, டியூப் எக்ஸ்பாண்ட் பண்ணினது (பாய்லர் குழாய் முனையை விரித்துத் தகட்டில் இறுக்கினது) யார், தண்ணீர் அழுத்தம் கொடுத்துப் பார்க்கிற ஹைட்ராலிக் டெஸ்டில் எங்கேயாவது கசிந்ததா என்று விசாரிப்பார். கசியவில்லை என்றால், "வேஸ்ட் துணியால துடைச்சுட்டுத் திரும்பப் பாத்தியா?" என்று அடுத்த கேள்வி. துடைக்கவில்லை என்று சொல்ல எவனுக்கும் தைரியம் கிடையாது.

பொன்மலைமகள்:

அட்டை வாசகம் ஒருவழியாக முடிந்தது. தம்பி முதலில் முறைத்தான், சங்கத்திடல் ஐயாவும் ஆர்மரிகேட் அண்ணனும் எழுதினதைப் படித்த பிறகு வாயைத் திறக்கவில்லை. மேலே பெயர், அடியில் "பாய்லர் மேக்கர், பொன்மலை ரயில்வே பணிமனை, 1960 - 2000". அடுத்த வரியில் அம்மா பெயர், "இவர்கள் இருவரும் நடத்திய குடும்பம்" என்று. அப்புறம் எங்கள் மூவர் பெயர், அக்கா முதலில். அக்கா கேட்டது அது ஒன்றுதான். அச்சகக்காரர் கண்ணீர் அஞ்சலி என்று மேலே போடாவிட்டால் கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கும் என்று அடம்பிடித்தார், சரி போட்டுக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டோம்.

வருகிற ஞாயிறு மதியம் சாப்பாடு. இங்கே எழுதினவர்கள் எல்லாரும் வர வேண்டும். முகவரியைத் தனிச் செய்தியில் அனுப்புகிறேன்.

ஆர்மரிகேட்:

கட்டாயம் வருகிறேன், அண்ணனையும் கூட்டி வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை சந்தைக் கூட்டத்தில் கார் உள்ளே வராதே, எங்கே நிறுத்துவது?

பொன்மலைமகள்:

பன்னிரண்டுக்கு முன்னால் வந்தால் ரயில்வே கிரவுண்டு ஓரமாக இடம் கிடைக்கும். பந்தி ஒன்றரைக்கு. சங்கத்திடல் ஐயாவுக்குத் தம்பி வண்டி எடுத்துக்கொண்டு வருவான்.